மைனரின் காலும் ஏழு அடுப்பும்

ஒரு நாயின் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் இரண்டு கரண்டி எடுத்து வர இந்தியாவுக்குப் போகிறேன் என்று சொன்னதும், பினாங்கில் என் மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். போவதுதான் போகிறாய், சுங்குடியில் இரண்டு சேலை எடுத்து வா என்றார். எங்கள் வீட்டில் என் வேலைக்கு இருக்கிற மதிப்பு அவ்வளவுதான்.

நான் கால்நடை மருத்துவர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் பினாங்கு, படித்தது மட்டும் மதராஸ். தொண்ணூறுகளின் நடுவில் பினாங்கில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஒடிந்து ஒட்டாமல் போன எலும்பையும் தேய்ந்துபோன மூட்டையும் திரும்ப வளர வைக்க முடியுமா என்பதுதான் அங்கே எங்கள் கேள்வி. நாயின் மஜ்ஜைக்குள் சில அணுக்கள் உண்டு. குருத்தணு என்று இன்று பத்திரிகைகளில் எல்லாம் எழுதுகிறார்கள், அன்று யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, மேற்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் போல அவை. எலும்பில் கொண்டுபோய் விட்டால் எலும்பாகும், மூட்டில் விட்டால் குருத்தெலும்பாகும், தசைநாரில் விட்டால் தசைநாராகும். ஆகும் என்று நாங்கள் நம்பினோம். சில சமயம் ஆகவும் செய்தது.

எங்கள் பேராசிரியர் ஒரு சீனர். தங்கமான மனிதர், அவசரம்தான் அவருக்கு வியாதி. ஆய்வுக்கூடத்து நாய்கள் கொழுத்துச் சோம்பிக் கிடப்பதால் அவற்றின் அணுக்களும் சோம்பேறிகளாக இருக்குமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஓடுவதற்கென்றே பிறந்த ஒரு நாயின் மஜ்ஜை வேண்டும் என்றார். தமிழ்நாட்டில் கன்னி என்று ஒரு வேட்டை நாய் இருக்கிறது என்று நான் வாயை விட்டேன். வாயை விட்டவள்தானே போக வேண்டும்.

என்னோடு மதராஸில் படித்த சவரிமுத்து, கல்லலில் சொந்தமாகக் கால்நடை மருத்துவமனை வைத்திருந்தார். போன் போட்டுக் கேட்டேன். கன்னி இருக்கிறது, ஆனால் இது ஓடுகிற கன்னி இல்லை, நொண்டுகிற கன்னி, பரவாயில்லையா என்றார். முன்னங்கால் ஒடிந்து மாதக்கணக்கில் ஆகிறதாம். கட்டுப் போட்டுப் பார்த்தும் ஒட்டவில்லை. கால் தொங்கிப் புண்ணாகிக்கொண்டே போகிறது, அடுத்த மாதம் காலையே எடுத்துவிடுவதாக நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் நீங்கள் வந்தால் ஒரு வழி இருக்கிறது என்றார். இடுப்பெலும்பில் மஜ்ஜையை எடுத்து, பாதியை ஒடிந்த இடத்திலேயே ஊசியில் ஏற்றிவிடலாம், மீதியை நான் பினாங்குக்குக் கொண்டுபோகலாம். அப்படிச் செய்தால் காலை எடுப்பதைத் தள்ளிப் போட்டுக் காத்திருந்து பார்க்கலாம் என்றார். நாய்க்குப் பாதி, எங்களுக்குப் பாதி. கணக்கு நியாயமாகத்தான் பட்டது.

விமானம், பயணச் சீட்டு, மஜ்ஜையை நாடு விட்டு நாடு கொண்டுபோக நான் வாங்கிய அனுமதிகள், இவற்றையெல்லாம் எழுதினால் படிக்கிறவர்கள் என்னைவிட அதிகமாகக் களைத்துப்போவார்கள். நேரே காரைக்குடிக்கு வந்துவிடுகிறேன்.

காரைக்குடியிலிருந்து கல்லல் போகும் பஸ்ஸில், மடியில் ஒரு நீல நிற ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். மஜ்ஜையைக் குளிர்ச்சியாகக் கொண்டுபோக ஆய்வுக்கூடத்தில் கொடுத்தது. பஸ் புறப்படுவதற்கு முன்பே பக்கத்து சீட்டு அம்மா சேமியா ஐஸ் என்ன விலை என்று கேட்டார். ஐஸ் இல்லை என்றேன். தீர்ந்துவிட்டதா என்று வருத்தப்பட்டார். நடத்துநர் அதைச் சரக்கு என்று முடிவு கட்டி, பெட்டிக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். உள்ளே ஒன்றுமில்லை என்று திறந்தே காட்டினேன். வெறும் பெட்டியை எதற்குத் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள் என்று அதற்கும் என்னைத்தான் கேட்டார். பினாங்கு பஸ்ஸில் நீங்கள் ஒரு முதலையோடு ஏறினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இங்கே கல்லல் வருவதற்குள் பஸ் முழுக்க என் வேலை, என் சம்பளம், எனக்குப் பிள்ளைகள் எத்தனை என்பதெல்லாம் தெரிந்துவிட்டது.

சவரிமுத்து பஸ் நிறுத்தத்தில் நின்றார். கல்லூரியில் ஒல்லியாக இருந்தவர், இப்போது தொப்பை வைத்திருந்தார். ‘இங்குட்டு வாங்க, புவனா. பெட்டியை அங்குட்டு வையுங்க. முதல்ல பசியாறிட்டீகளா?’ என்றார். காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்றுதான் பினாங்குத் தமிழர்களும் சொல்வோம். அந்த ஒரு சொல்லில் எனக்கு ஊர் ஒட்டிவிட்டது.

நாயின் வீடு பக்கத்து ஊரில் இருந்தது. ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை என்று நீளும் வீடு. தூண்களைப் பற்றியும் ஆளுயரக் கண்ணாடிகளைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அடுப்புகளைப் பற்றி எழுதப் போகிறேன், ஏனென்றால் என்னைப் படுத்தி எடுத்தவை அவைதான்.

வீட்டில் வருஷம் முழுக்க இருப்பவர் மீனாட்சி ஆச்சி மட்டும். ஐம்பது வயது இருக்கும், கணவர் காலமாகிவிட்டார். அந்த வாரம் படைப்பு, அதாவது குடும்பத்து முன்னோருக்குச் செய்யும் பூஜை, வந்துகொண்டிருந்ததால் வெளியூர்ப் பங்காளிகள் எல்லாம் வந்து வீடு நிறைந்திருந்தது. நாய்க்கு மைனர் என்று பெயர். கறுப்பு உடம்பு, ஒட்டிய வயிறு, மெலிந்து நீண்ட முகம். மூன்று காலில் எழுந்து நின்று, யாரோ வீட்டை விலைக்குக் கேட்க வந்திருக்கிறார்கள் என்பது போல என்னைப் பார்த்தது. ஒடிந்த கால் அதன் மார்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

எப்படி ஒடிந்தது என்று கேட்டேன். ஆச்சி ஒளிக்கவில்லை.

‘நாந்தான் ஒடிச்சேன், டாக்டரம்மா. டிரைவரு லீவு போட்டா எங்கயும் போக முடியலைன்னு கார் பழகினேன். பின்னால எடுக்கிறப்ப இவன் படுத்திருந்தான். என் கார்ச் சத்தம் கேட்டும் எந்திரிக்கலை. என்னை நம்பித்தானே படுத்திருந்தான்?’

அதற்குப் பிறகு அவர் கார்ச் சாவியைத் தொடவில்லையாம். கொல்லையில் வேறு ஏதேதோ காட்டினார், நான் ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை. நாய்க்கு மூன்று கால் போதும், அதுபாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டு கிடக்கும் என்று பங்காளிகள் சொல்கிறார்களாம். ஓடப் பிறந்தவன் எதற்கு அப்படிக் கிடக்க வேண்டும், நான் ஒடித்த காலை நான்தான் சரி பண்ண வேண்டும் என்றார் ஆச்சி. சாப்பாட்டுக்குக் கவுனி அரிசிப் பொங்கல் வந்தது. எங்கள் ஊரில் மலாய்க்காரர்கள் அதே கறுப்பு அரிசியைத் தேங்காய்ப்பாலில் கஞ்சியாகக் காய்ச்சித் தருவார்கள். இங்கே கஞ்சியெல்லாம் கிடையாது, சர்க்கரையும் தேங்காயும் போட்டுக் கரண்டி நிற்கிற பதம். இரண்டாவது முறை வேண்டாம் என்றதை ஆச்சி காதில் வாங்கவே இல்லை.

கிளம்பும்போது சவரிமுத்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் எதுவும் இருக்கக் கூடாது. வாந்தி வந்து மூச்சுக்குழலில் இறங்கிவிட்டால் கால் என்ன, உயிரே போய்விடும். ஆகவே விடிந்தால் மைனருக்கு ஒன்றும் வைக்க வேண்டாம். ஆச்சி தலையை ஆட்டினார். அவர் சொன்ன சொல் தவறவில்லை என்பதை இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

மறுநாள் காலை டிரைவர் சேது காரை ஓட்ட, பின் சீட்டில் ஆச்சியும் நானும், எங்கள் மடியில் குறுக்காக மைனர். கல்லலுக்கு முன்னால் ரயில்வே கேட் போட்டிருந்தது. வரவேண்டிய ரயிலுக்கு வர மனமில்லை. வெயில் ஏறியது. மைனர் என் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தது, பிறகு என் மடியில் வாந்தி எடுத்தது.

இரண்டு இட்லி, ஒரு வெள்ளைப் பணியாரம், இடியாப்பச் சிக்கல், கத்தரிக்காய்க் கோசமல்லி, அடியில் ஆட்டுக்கறி. மருத்துவமனையில் சவரிமுத்து என் சேலையைப் பார்த்துவிட்டு, இது ஒரு வீட்டுச் சமையல் இல்லையே என்றார். ஆச்சிதான் சட்டென்று கண்டுபிடித்தார். ஒரு வீட்டுச் சமையல்தான், ஆனால் ஒரு அடுப்புச் சமையல் இல்லை என்றார்.

செட்டிநாட்டில் கல்யாணம் முடிந்த ஒவ்வொரு மகனின் குடும்பமும் ஒரு புள்ளி. கூரை ஒன்று, வாசல் ஒன்று, ஆனால் புள்ளிக்குப் புள்ளி தனி அடுப்பு. அந்த வீட்டில் மொத்தம் ஏழு. நாங்கள் சோறு வைக்காதீர்கள் என்று சொன்னது மீனாட்சி ஆச்சியின் அடுப்புக்கு மட்டும். காலையில் மைனரின் தட்டு காலியாகக் கிடந்ததை மற்ற ஆச்சிமார் பார்த்திருக்கிறார்கள். பாவம், கால் எடுக்கப் போகிறார்கள் என்று மனசு விட்டுப்போய் நாய்க்குச் சோறுகூட வைக்கவில்லை போலிருக்கிறது என்று ஒருவர் நினைத்தார். மற்றவர்களும் அதையே நினைத்தார்கள். நினைத்ததை ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை, அடுத்த புள்ளி என்ன சமைத்தது, யாருக்கு வைத்தது என்று கேட்பது அங்கே மரியாதை இல்லை. ஆளுக்கொரு கிண்ணத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு, ஆளுக்கொரு சமயத்தில் கொல்லைக்குப் போய் வந்திருக்கிறார்கள். எங்கள் பினாங்கு அடுக்குமாடியில் நான் கருவாடு பொரித்தால் நான்காம் மாடியில் இருந்து ஒருத்தி ஏன் காரம் கம்மி என்று கேட்பாள். மரியாதையால் ஒரு மருத்துவம் கெட்டதை அன்றுதான் பார்த்தேன்.

அன்று ஒன்றும் செய்ய முடியாது. இருந்த பொழுதையாவது வீணாக்க வேண்டாம் என்று சாயங்காலம் புதிதாக எக்ஸ்ரே எடுக்கக் காரைக்குடிக்குப் போனோம். நாய்களுக்கு எக்ஸ்ரே கிடையாது. மனிதர்களுக்கு எடுக்கும் ஒரு இடத்தில், கூட்டம் கலைந்த பிறகு வரச் சொல்லியிருந்தார்கள். கலையவில்லை. மைனரைப் போர்வையால் மூடி பெஞ்சில் எங்களுக்கு நடுவே படுக்க வைத்தோம். எதிரில் இருந்தவர் பிள்ளைக்கு என்ன என்று கேட்டார். கால் ஒடிந்துவிட்டது என்றார் ஆச்சி. ஓடுகிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று அவர் ஆறுதல் சொன்னார்.

காத்திருந்தபோது ஆச்சி என் ஆராய்ச்சியைப் பற்றி விசாரித்தார். எங்களிடம் நாய்கள் இருக்கின்றன, எலும்பில் சின்ன இடைவெளி வைத்து, மஜ்ஜையை வளர்த்து அதில் வைப்போம், பெரும்பாலும் எலும்பு வளர்ந்து மூடிவிடும் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

‘சரியானதும் அந்த நாயெல்லாம் என்ன செய்வீக?’ என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஒருவரும் இதைக் கேட்டதில்லை. எலும்பு உள்ளே எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்க்க அதை வெளியே எடுத்து மெல்லிய வில்லையாகச் சீவ வேண்டும் என்றேன். அப்படியென்றால் நாய் என்றார். அதற்கு வலிக்காமல் செய்துவிடுவோம் என்றேன். ஆச்சி மைனரின் போர்வையைச் சரி செய்தார். குணமானதைப் பார்ப்பதற்குத்தான் கொல்கிறீர்களா என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்காதது எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

எக்ஸ்ரே படத்தில் இரண்டு எலும்பு முனைகளும் பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகளைப் போல எதிரும் புதிருமாக நின்றன. நடுவில் வெறும் இருட்டு.

வீட்டுக்குத் திரும்பியதும் சவரிமுத்து ஆறு ஆச்சிமாரையும் கூட்டி நிற்க வைத்து விளக்கினார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாளை காலை எந்த அடுப்பிலிருந்தும் ஒரு பருக்கை போகாது என்று சத்தியம் செய்யாத குறை. கணக்கில் ஆறு அடுப்பு என்பதும், ஏழாவது புள்ளி இன்னும் மதராஸிலிருந்து வந்து சேரவில்லை என்பதும் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் காலை ரயிலில் ஏழாவது புள்ளி வந்தது. பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தார்கள், அடுப்பைத் துடைத்துப் பற்ற வைத்தார்கள், நல்லபடியாக முதலில் பாலைப் பொங்க வைத்தார்கள். பொங்கிய பாலில் முதல் கிண்ணத்தை மைனருக்கு ஊற்றி, ரயிலில் மிச்சமான பிஸ்கட்டையும் நனைத்துப் போட்டார்கள். நான் போனபோது மைனர் மீசையில் பால் ஒட்டியிருந்தது. ஏழாவது புள்ளியின் ஆச்சி, நொண்டி நாயின் பசியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இத்தனை பேர் சும்மா நிற்கிறார்களே என்று மற்றவர்கள்மேல் கோபமாக இருந்தார்.

எனக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. அன்று சாயங்காலம் விமானம் பிடிக்க நான் திருச்சிக்குப் புறப்பட்டாக வேண்டும். சவரிமுத்து தலையைச் சொறிந்தார். பிற்பகல் வரை பொறுத்து, முழு மயக்கம் கொடுக்காமல் லேசான தூக்கத்துக்கு மட்டும் மருந்து போட்டு, ஊசி குத்தும் இடத்தை மரத்துப்போக வைத்துச் செய்யலாம் என்றார். சீக்கிரம் விழித்துவிடுவான், கை வேகமாக இருக்க வேண்டும் என்றார்.

பிற்பகல் வந்தது. காரும் இருந்தது, சேது இல்லை. படைப்புக்குக் காய்கறி வாங்க யாருடனோ தேவகோட்டைக்குப் போய்விட்டிருந்தார். பங்காளிகள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். மாட்டு வண்டி என்றார் ஒருவர். ஆச்சி உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தார்.

காரை எடுப்பதற்கு முன் இறங்கி ஒரு சுற்று சுற்றி, குனிந்து நான்கு சக்கரத்துக்கு அடியிலும் பார்த்தார். மைனர் என் மடியில்தான் இருந்தது, அது அவருக்கும் தெரியும். ஏறி உட்கார்ந்து, மறுபடி இறங்கி, இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு கல்லல் வரைக்கும் அவர் ஓட்டியதை ஓட்டியது என்று சொல்வது கார்களுக்கு அவமானம். சைக்கிளில் போன ஒருவர் எங்களைத் தாண்டிப் போய், சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தார். ஒரு ஆட்டுக் கூட்டத்துக்கு வழி விட்டோம், எதிரே வந்த எல்லாருக்கும் வழி விட்டோம், தூரத்தில் தெரிந்தவர்களுக்கும் வழி விட்டோம். ஆச்சியின் முதுகில் வியர்வை ஜாக்கெட்டை நனைத்திருந்தது. நான் ஒரு வார்த்தையும் கேலி பேசவில்லை. கேலி எல்லாம் எழுதும்போதுதான் வருகிறது.

சவரிமுத்து ஊசியைப் போட்டார். மைனர் கண் செருகியது. ஆச்சியை வெளியே உட்கார வைத்தோம். நான் இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி இழுத்தேன். முதல் குழல் நன்றாக நிறைந்தது, கருஞ்சிவப்பாக, மேலே கொழுப்பு மினுங்க. அது பினாங்குக்கு என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். கொண்டுபோகிற வரைக்கும் உறையாமலிருக்க அதில்தான் மருந்து சேர்த்திருந்தது. இரண்டாவது குழலை மாட்டி இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. ஊசியைத் திருப்பி இழுத்தேன், காற்றுதான் வந்தது. வேறு இடத்தில் குத்தலாம் என்று ஊசியை எடுத்தபோது மைனர் தலையைத் தூக்கியது. மருந்தின் வேகம் தணிந்துவிட்டது. இன்னும் போட்டால், வயிற்றில் மிச்சமிருக்கும் பாலோடு, ஆபத்து. சவரிமுத்து நாயின் கழுத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு, இனி முடியாது என்று தலையை ஆட்டினார்.

ஒரு குழல்தான். பாதி பாதியாகப் பிரித்தால் ஒட்டாத எலும்புக்கும் போதாது, ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பதற்கும் போதாது. ஐஸ் பெட்டி மேசைக்கு அடியில் திறந்து கிடந்தது. பேராசிரியர் அந்தப் பெட்டியை என் கையில் கொடுத்தபோது அவர் முகத்தில் இருந்த ஆசை எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. கடல் தாண்டி வந்தவள் நான்.

‘பெட்டியில வைக்கவா?’ என்று சவரிமுத்து மெதுவாகக் கேட்டார்.

‘காலைப் பிடிங்க’ என்றேன்.

ஒடிந்த இடத்தில் தோலுக்கு மேலே விரல் வைத்துத் தடவினால் அந்தப் பள்ளம் தெரிந்தது. எக்ஸ்ரேயைச் சவரிமுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்ட, ஊசியை அந்த இருட்டுக்குள் இறக்கி மொத்த மஜ்ஜையையும் ஏற்றினேன். மைனர் ஒரு தடவை முனகியது. கட்டுப் போட்டு முடித்தபோது அது என் கையை நக்கிவிட்டு மறுபடி தூங்கிப்போனது. உங்கள் பேராசிரியரிடம் என்ன சொல்வீர்கள் என்று சவரிமுத்து கேட்டார். அதைத் திருச்சிக்குப் போகிற வழியில் யோசித்துக்கொள்கிறேன் என்றேன். திருச்சி வரைக்கும் யோசித்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

நடந்ததை ஆச்சியிடம் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தேன். சவரிமுத்து வாசலுக்குப் போன உடனே சொல்லிவிட்டார். ஆச்சி என்னைக் கும்பிடவில்லை, அழவில்லை. பெட்டியைக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டார். புறப்படும் சமயத்தில் அது திரும்பி வந்தது, தூக்க முடியாத கனத்தில். சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம், ஏழு அடுப்பிலிருந்தும். வந்தவர்களை வெறும் பெட்டியோடு அனுப்புகிற வழக்கம் இல்லை என்றார்.

பினாங்கில் பேராசிரியர் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். ஒரு சீப்புச் சீடையை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, இது என்ன என்று கேட்டார். சொன்னேன், எல்லாவற்றையும். கையுறையைக் கழற்றிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். சில நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பெட்டியில் இருந்த சீடை குறைந்துகொண்டே வந்ததை நான் பார்க்காமல் இல்லை. மாமியார் சுங்குடிச் சேலை எங்கே என்று கேட்டு அவர் பங்குக்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தார். வீட்டிலும் அமைதி, வேலையிலும் அமைதி. அப்படி ஒரு ஓய்வு எனக்கு அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைத்ததில்லை.

மூன்று மாதம் போல ஆகியிருக்கும். சவரிமுத்து புதிய எக்ஸ்ரே படத்தைத் தபாலில் அனுப்பினார். பேராசிரியர் அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்ட வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிப் பார்த்தார். அந்த இருட்டான இடைவெளி வெள்ளையாக மூடியிருந்தது. கொஞ்சம் கோணல், கொஞ்சம் தடிப்பு, ஆனால் எலும்பு. நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். எத்தனையோ நாய்களில் இதைப் பார்த்தவள் நான். சந்தோஷத்தில் வாயைப் பொத்திக்கொண்டது இந்த ஒன்றுக்குத்தான்.

பேராசிரியருக்கும் சந்தோஷம். ஆனால் எக்ஸ்ரே என்பது நிழல்தானே, உண்மையாகவே நம் அணுக்கள்தான் வளர்ந்தனவா என்று எலும்பைச் சீவிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். அந்த அம்மாளிடம் கேட்டுப் பார்க்க முடியுமா என்றார். முடியாது என்றேன். பாதி விளையாட்டாகத்தான் கேட்டார், மறுபாதி என்னவென்று எனக்குத் தெரியும். அன்றே ஆச்சிக்குப் போன் போட்டேன், மைனரை விசாரிக்க மட்டும்.

காலை ஊன்றி நிற்கிறான், கொஞ்சம் சாய்ந்தாற்போல ஓடுகிறான், நேற்று ஒரு கோழியைத் துரத்திக் கொல்லைச் சுவரைத் தாண்டினான் என்று ஆச்சி மூச்சு விடாமல் சொன்னார். கோழிக்காரர்கள் சண்டைக்கு வந்ததைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையை எழுத முடியாது. பிறகு, உங்கள் பெரியவர் என்ன சொன்னார் என்று கேட்டார். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. எலும்பைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார் என்றேன்.



‘குடுக்கிறேன்னு சொல்லுங்க’ என்றார் ஆச்சி. ‘உங்களுக்கு வந்த மஜ்ஜையை இவனுக்குக் குடுத்தீக. நான் மாட்டேன்னு சொல்லலாமா? இவன் ஓடி ஆடி, வயசாகி, தானா கண்ணை மூடட்டும். அன்னைக்கு நானே உங்களுக்குப் போன் பண்றேன். வந்து எடுத்துக்கங்க. அதுவரைக்கும் அவுகளைக் காத்திருக்கச் சொல்லுங்க.’

வார்த்தைக்கு வார்த்தை பேராசிரியரிடம் சொன்னேன். நாய்க்கு என்ன வயது என்று கேட்டார். நான்கு என்றேன். அந்த இனம் எவ்வளவு காலம் இருக்கும் என்றார். கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்ப்பது தெரிந்தது, அதற்குள் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிடுவார். சரி என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் நான் வீட்டுக்குக் கிளம்பும்போது என் மேசைக்கு வந்தார். நாய்க் கூண்டுகளில் கடைசிக் கூண்டில் இருந்த நாயின் எலும்பைச் சீவ அடுத்த வாரம் முறை. அதன் எலும்பும் நன்றாக மூடியிருந்தது. அதற்கும் எக்ஸ்ரே எடுத்தால் போதும், சீவ வேண்டாம் என்றார். ஆய்வு அரைகுறையாக நின்றுபோகுமே என்றேன், பழக்க தோஷத்தில்.

‘இதற்கும் காத்திருப்போம்’ என்றார் அவர்.

நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போய் கூண்டைத் திறந்து அந்த நாயை முற்றத்தில் ஓட விட்டேன்.